நன்னீரிலும் குகையிலும் புழுக் கணக்கெடுப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

நீர்ப்புழுக் கணக்கெடுப்பில் நேரும் பிசகு பெரும்பாலும் நுண்ணோக்கியின் முன் உட்காரும்போதுதான் தெரியவரும். ஆனால் அது நேர்ந்த இடம் வேறு: தண்ணீரை விட்டு எடுத்ததற்கும் குப்பியை மூடியதற்கும் இடையிலான சிறிது நேரம். அங்கே கெட்டுப்போன புழுவை எவ்வளவு விலையுயர்ந்த நுண்ணோக்கியாலும் மீட்க முடியாது. ஆகவே கருவி வாங்குவதற்கு முன் கீழுள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். செலவு பிடிப்பது கடைசியில் வரும். புழு என்று நான் சொல்வது முதன்மையாக மண்புழுவின் உறவான ஒலிகோகீட்டா குழுவை. தட்டைப்புழுவும் அட்டையும் தேவைப்படும் இடத்தில் வரும்.

## ஓடை, குளம்: வண்டல் நிறைய வருகிறது, புழு வரவில்லை

சல்லடையின் கண்ணளவு. பூச்சிகளின் இளவுயிரிகளுக்காக வாங்கிய 500 மைக்ரான் சல்லடையே புழுவுக்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. நாயிஸ், பிரிஸ்டினா போன்ற மெல்லிய புழுக்கள் தலையை நுழைத்து நெளிந்து கீழே இறங்கிவிடும். 500 மைக்ரான் சல்லடைக்கு அடியில் 200 அல்லது 250 மைக்ரான் சல்லடையை வைத்து ஒரே மாதிரியை ஊற்றிப் பாருங்கள். கீழ்ச் சல்லடையில் புழு தென்பட்டால் காரணம் கிடைத்துவிட்டது. கண்ணளவை மாற்றுங்கள், மாற்றிய தேதியையும் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால், பழைய மாதிரிகளோடு ஒப்பிடும் ஒருவர் பின்னாளில் புழுக்கள் பெருகிவிட்டதாக முடிவு கட்டிவிடுவார்.

அலசும் வரிசை. உயிருள்ள புழு சல்லடைக் கண் வழியே தானாகவே வெளியேறும். விறைத்த புழு அப்படிப் போகாது. இரண்டு சல்லடையிலும் இல்லையென்றால் அடுத்த மாதிரியை முதலில் பதப்படுத்திவிட்டுப் பிறகு ஆய்வகத்தில் அலசிப் பாருங்கள். அப்போது ஃபார்மலினைக் கழுவி நீக்குவதைக் காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள்.

தேடும் கண். பழுப்பு வண்டலில் கிடக்கும் வெளிறிய புழு எளிதில் கண்ணில் படாது. ஒரு மாதிரியை மட்டும் ரோஸ் பெங்கால் சாயமிட்டு ஓரிரவு வைத்து மறுநாள் எண்ணுங்கள். சாயமிடாத மாதிரியைவிட அதில் கணிசமாகக் கூடுதலாகக் கிடைத்தால் தவறு பொறுக்கியதில்தான் இருக்கிறது. எல்லா மாதிரிக்கும் சாயமிடுவதை நான் ஏற்பதில்லை. சாயம் ஆழமாக ஏறிய உடலுக்குள் நுண்ணிய உறுப்புகளைப் பார்ப்பது கடினம்.

இடம். டியூபிஃபெக்ஸ் வகைகள் மென்மையான சேற்றில் தலையைப் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். நாயிஸ் வகைகள் நீர்த்தாவரத்திலும் பாசியிலும் ஊர்ந்து திரியும். லம்பிரிகுலஸ் கரையோரத்து மக்கும் இலைக்குள் கிடக்கும். நடு ஓடையின் கழுவுண்ட மணலில் மட்டும் எடுத்துவிட்டுப் புழு இல்லை என்று எழுதக் கூடாது.

கருவி. அடிச்சேற்றைக் கவ்வி எடுக்கும் எக்மன் அள்ளி மென்சேற்றுக்கு உரியது. அதன் தாடைக்குள் ஒரு கல்லோ குச்சியோ சிக்கினால் மேலே தூக்கும்போதே மாதிரி வழிந்துவிடும். தாடை முழுதாக மூடாமல் வந்த அள்ளலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடித்தளம் கெட்டியாக இருந்தால் போனார் அள்ளியோ கையால் அழுத்தும் குழாயோ தேவை.

புழு மட்டுமல்ல, வேறு எந்த உயிரும் வரவில்லை என்றால் வலையை வைத்துவிட்டு நீர்த்தரம் சோதிக்கும் ஆய்வகத்தை அணுகுங்கள். டியூபிஃபெக்ஸும் லிம்னோடிரிலஸும் கூடத் தாங்காத வண்டலைச் சல்லடை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

## குகை: எத்தனை முறை வடிகட்டினாலும் வெறும் களிமண்

குகையில் புழு அடர்த்தி குறைவு. வெறுங்கையோடு திரும்புவது அங்கே இயல்பு. எனவே முதல் கேள்வி, எவ்வளவு நீரை வடிகட்டினீர்கள் என்பது. ஒரு வாளி நீரை வடிகட்டிவிட்டுப் புழு இல்லை என்று முடிவு சொல்ல இடமில்லை. சொட்டுநீர் விழும் இடத்தில் வடிகட்டும் கலத்தை நாள்கணக்கில் விட்டு வையுங்கள். ஊற்று வாயில் வலையைக் கட்டி நீரே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இரண்டாவது கேள்வி, எந்த நீர். குகை ஓடையின் நடுவில் மட்டும் தேடுபவர்கள் சொட்டுநீர்க் குட்டைகளையும், களிமண் அடியுள்ள தேங்கிய குட்டைகளையும், ஓடையடிச் சரளையின் இடுக்குகளையும் விட்டுவிடுகிறார்கள். நிலத்தடிக்கே உரிய டிரைக்கோடிரிலஸ், ஹாப்லோடாக்ஸிஸ் போன்றவற்றைத் தேட வேண்டியது இந்தச் சரளை இடுக்குகளில்தான். ட்ரோக்ளோகீட்டஸ் பெரானெக்கி என்ற மிகச் சிறிய பாலிகீட் (பெரும்பாலும் கடலில் வாழும் புழுக் குழு) புழுவும் நிலத்தடி நீரில் வாழ்வதே; அதற்கு 200 மைக்ரான் சல்லடைகூடப் பெரிது. 63 மைக்ரான் சல்லடையைக் கடைசி அடுக்காக வையுங்கள்.

மூன்றாவது, பொறி. இறைச்சித் துண்டு வைத்த பொறிக்குத் தட்டைப்புழு வரும், நீரில் வாழும் ஓட்டுடலிகள் (இறால், நண்டின் உறவுகள்) வரும். மண் தின்னும் புழு வராது. பொறியில் இல்லை என்பதைப் புழு இல்லை என்று படிக்காதீர்கள். வைத்த பொறிகளை எண்ணி வைத்து எல்லாவற்றையும் திரும்ப எடுங்கள். மறந்துவிட்ட ஒரு பொறி, எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஓர் உயிர்க்கூட்டத்தை மாதக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்கும். இதே காரணத்துக்காகச் சிறு குட்டையை முழுவதும் வடிகட்டாதீர்கள். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வையுங்கள்.

இங்கே நிறுத்துங்கள். ஓடை திடீரெனக் கலங்கினாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ, நீர்மட்டம் ஏறினாலோ மாதிரியை விட்டுவிட்டு வெளியேறுங்கள். காரணமில்லாமல் மூச்சு வாங்குவதும் தலை வலிப்பதும் கரியமிலவாயு தேங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம், அப்போதும் வெளியேறுங்கள். வழி நீருக்குள் மூழ்கிப் போகிறது என்றால் அங்கிருந்து குகை முக்குளிப்பில் பயிற்சி பெற்றவரின் வேலை. நீச்சல் தெரியும் என்பது அதற்குத் தகுதி ஆகாது.

## சரளைப் படுகை: பம்ப் நீரை இழுக்கவில்லை

போ, ரூஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்ட முறைதான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: துளையிட்ட இரும்புக் குழாயைச் சரளைக்குள் அடித்து இறக்கி, மேலே கைப்பம்ப்பைப் பொருத்தி நீரோடு உயிர்களையும் இழுப்பது.

காற்று மட்டும் வந்தால் இணைப்பு வளையத்தையும் பம்ப்பின் வாஷரையும் நனைத்து இறுக்குங்கள். கைப்பிடி கனத்து நீர் வராவிட்டால் துளைகள் களிமண்ணால் அடைபட்டிருக்கும். குழாயை ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த இடம் இந்த முறைக்கு ஏற்றதல்ல. பம்ப்பை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அல்லது கரைச் சரளையில் குழி தோண்டி, ஊறும் நீரை வடிகட்டும் காரமன்–சாப்பூயி முறைக்குப் போங்கள். அதற்கு ஒரு மண்வெட்டியும் வலையும் போதும்.

ஒரு நுட்பமான பிழையைக் கவனியுங்கள். பம்ப்பை உயிர்ப்பிக்க ஊற்றும் நீரை அதே ஓடையிலிருந்து மொண்டு அப்படியே ஊற்றினால், மேற்பரப்புப் புழுக்கள் நிலத்தடிப் புழுக்களாகப் பதிவாகிவிடும். ஊற்றும் நீரை முதலில் 63 மைக்ரானில் வடிகட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவு நீரை, பத்து லிட்டர் என்றால் பத்து லிட்டரையே எடுங்கள். இல்லாவிட்டால் இடங்களை ஒப்பிட முடியாது.

## குப்பியில் முழுப் புழு இல்லை, துண்டுகள்தான்

இந்த அறிகுறிக்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் விடை துண்டின் நுனியிலேயே இருக்கிறது. ஒரு துண்டை நீரில் வைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் அதன் முனையைப் பாருங்கள்.

முனை உருண்டு மூடியிருக்கிறது. அதையொட்டிச் சில கண்டங்கள் (உடல் வளையங்கள்) மற்றவற்றைவிட ஒல்லியாக, வெளிறி, நெருக்கமாக இருக்கின்றன. இது உயிரோடு இருந்தபோதே அறுபட்டு மீண்டும் வளரும் புழு. லம்பிரிகுலஸ் வேரிகேட்டஸ் இனம் பெருகுவதே பெரும்பாலும் இப்படித்தான். பிழை எதுவும் இல்லை. அதை ஒரு முழு உயிராகவே கொள்ளுங்கள்.

முனை கிழிந்திருக்கிறது, குடல் வெளியே தெரிகிறது. கையாண்டதில் அறுந்தது. நீரைப் பீய்ச்சி அலசுவதை நிறுத்துங்கள். சல்லடையை நீர்த்தொட்டிக்குள் பாதி மூழ்க வைத்து மெல்ல ஆட்டுங்கள். இடுக்கியைக் கீழே வையுங்கள். வாய் அகன்ற பிப்பெட்டோ நுண்தூரிகையோ எடுங்கள். ஹாப்லோடாக்ஸிஸ் கோர்டியோய்டஸ் போன்ற மிக நீண்டு மெலிந்த புழுவை இடுக்கியால் ஒருமுறை தூக்கினாலே போதும், அது இரண்டாகிவிடும்.

முனை கடிபட்டதுபோல் இருக்கிறது, குப்பியில் வேறு உயிர்களும் உள்ளன. உயிரோடு கொண்டுவரும் குப்பியில் தட்டைப்புழுவையும் ஓட்டுடலிகளையும் புழுவோடு சேர்த்து வைக்காதீர்கள். ஆய்வகம் சேர்வதற்குள் அவை பசியாறிவிடும்.

உடல் முழுக்க நொறுங்குகிறது. நேராக 95 சதவீத எத்தனாலில் போட்டதன் விளைவு. நீர் சட்டென்று வெளியேறி உடல் விறைத்து, தொட்டால் ஒடிகிறது. இதற்கான மாற்று அடுத்த பகுதியில் இருக்கிறது.

துண்டுகளாகிவிட்ட மாதிரியைத் தூக்கி எறியாதீர்கள். தலைப்பகுதி முதல் ஏறத்தாழ 15 கண்டங்கள் சேதமில்லாமல் இருந்தால், இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்கப் பெரும்பாலான குடும்பங்களில் அதுவே போதும்.

## புழு சுருண்டு விறைத்துவிட்டது, நிமிரவில்லை

தளர்த்தாமல் பதப்படுத்தியதுதான் காரணம். வேறு காரணத்தைத் தேட வேண்டாம். புழுவைச் சிறிது நீரில் வைத்து, சுவை சேர்க்காத சோடா நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அல்லது எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5 முதல் 10 சதவீதம் வரை கொண்டுவாருங்கள். தூரிகை முனையால் தொட்டுப் பாருங்கள். அசைவு நின்றதும் உடனே பதப்படுத்துங்கள். அசைவு நின்ற பின்னும் நீரிலேயே விட்டால் உடல் கரையத் தொடங்கும். அது சுருள்வதைவிடக் கேடு.

உருவத்தைக் காக்க வேண்டும் என்றால் ஃபார்மலின்தான் சிறந்தது: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு. ஓரிரு நாள் கழித்து நன்றாகக் கழுவி 70 முதல் 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். குகைக்குள் ஃபார்மலின் குப்பியைத் திறக்காதீர்கள். காற்றோட்டமற்ற இடத்தில் அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் தாக்கும். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருளும்கூட. புழுவைத் தனிக்குழாயில் குளிர்ச்சியாக வெளியே கொண்டுவந்து பதப்படுத்துங்கள். கண்ணில் தெறித்தால் நிறைய நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

தட்டைப்புழுவுக்கும் அட்டைக்கும் ஒரு வேலை கூடுதல்: உயிரோடு ஊரும்போதே படம் எடுங்கள். பதப்படுத்திய தட்டைப்புழுவில் தலையின் வடிவமும் கண்களின் இருப்பிடமும் பழையபடி தெரிவதில்லை. நிறப் புள்ளிகளால் அடையாளம் காணப்படும் ஏயோலோசோமாவிலும் அந்த எண்ணெய்த் துளிகளின் நிறம் பதப்படுத்தியதும் மறைந்துவிடும்.

## குப்பியைத் திறந்தால் நாற்றம், புழு குழைந்திருக்கிறது

எத்தனால் நீர்த்துப்போயிருக்கிறது. வண்டலிலும் இலையிலும் இருந்த நீரை யாரும் கணக்கில் கொள்வதில்லை. மாதிரியைப் போல மூன்று மடங்காவது எத்தனால் இருக்கட்டும். மறுநாளே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மூடியும் கசியவில்லை என்றால் வேறு காரணம் இருப்பது அரிது. குழைந்த புழுவுக்கு மருந்து இல்லை. எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஸ்லைடில் சீட்டாக்கள் தெரியவில்லை

சீட்டா என்பது புழுவின் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நுண்முள். முதலில் ஒளியைக் குறையுங்கள். கண்டன்சரின் (மேடைக்கு அடியிலுள்ள ஒளிகுவிப்பானின்) துளையைச் சுருக்கினாலே மறைந்திருந்த மயிர்ச் சீட்டாக்கள் பல நேரம் எழுந்து நிற்கும். இதற்கு ஒரு காசும் ஆகாது. ஆனாலும் பலர் கடைசியில்தான் இதைச் செய்துபார்க்கிறார்கள்.

பிறகு உடலின் தெளிவு. கிளிசராலிலோ லாக்டோஃபீனாலிலோ போதிய நேரம் வைக்காத புழு உள்ளே இருண்டே இருக்கும். ஓரிரவு விட்டுப் பாருங்கள். குடலில் மண் நிறைந்திருந்தால் எதுவும் தெளியாது. அடுத்த முறை புழுவை உயிரோடு சுத்தமான நீரில் சில மணி நேரம் வைத்திருந்து, கழிவை வெளியேற்றிய பின் பதப்படுத்துங்கள்.

பிறகு கிடக்கும் பக்கம். பக்கவாட்டில் கிடந்தால் முதுகுக் கற்றையும் வயிற்றுக் கற்றையும் தனித்தனியே தெரியும். மல்லாந்து கிடந்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழப்பும். கவர்ஸ்லிப்பை ஊசியால் மெல்லத் தள்ளிப் புழுவை உருட்டுங்கள்.

400 மடங்கு உருப்பெருக்கத்தில் சீட்டாவின் இரட்டை முனை தெரியும். அவற்றிடையே இருக்கும் சீப்புப் பற்களுக்கு எண்ணெய் வைத்து 1000 மடங்கு தேவை. இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால் மட்டும் டிஐசி ஒளியியல் (நிறமற்ற உறுப்புகளையும் புடைப்பாகக் காட்டும் முறை) கொண்ட நுண்ணோக்கியைத் தேடுங்கள்; அதை வாங்குவதைவிட வைத்திருக்கும் ஆய்வகத்திடம் கேட்பது நல்லது.

## திறவுகோலில் (படிப்படியாக இனம் காட்டும் நூலில்) பெயர் வரவில்லை

அது ஒலிகோகீட்டாதானா? தலைக்கூடும் பொய்க்கால்களும் இருந்தால் கொசுவை ஒத்த கைரோனோமிட் ஈயின் இளவுயிரி. கண்டங்களே இல்லாமல் இரு முனையும் கூராக, சாட்டைபோல் துடித்தால் உருளைப்புழு. கம்பிபோல் விறைத்து நீண்டு, சீட்டா இல்லாமல் இருந்தால் குதிரைமயிர்ப்புழு.

கண்டங்களைச் சரியாக எண்ணினீர்களா? முதல் கண்டத்தில் சீட்டா கிடையாது. முதல் சீட்டாக் கற்றை இருப்பது 2ஆம் கண்டம். இதை 1 என்று எண்ணிவிட்டால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். டியூபிஃபெக்ஸ் வகைகளின் ஆண் இனத்துளை 11ஆம் கண்டத்தில் இருக்கிறது. தவறாக எண்ணினால் அது 10 ஆகி, பல லம்பிரிகுலிட் புழுக்களோடு குழம்பும். என்கைட்ரேயிடே குடும்பத்தில் ஆண் துளை 12இல், விந்துகொள்பை 5இல். நான் பார்த்த தவறான அடையாளங்களில் பெரும் பங்கு இந்த ஓர் எண்ணில் பிறந்தவை.

முதிர்ந்த புழுவா? கிளைடெல்லம் (முதிர்ந்த புழுவின் உடலைச் சுற்றித் தடித்த பட்டை) இல்லாத டியூபிஃபெக்ஸ் வகைப் புழுக்கள் பலவற்றுக்கு இனப்பெயர் சொல்ல முடியாது. லிம்னோடிரிலஸ் இனங்களைப் பிரிக்கும், ஆண்குறியைச் சூழ்ந்த கெட்டியான கியூட்டிகிள் உறை முதிர்ந்த புழுவில்தான் உண்டு. "முதிராதது, மயிர்ச் சீட்டா உண்டு" அல்லது "முதிராதது, மயிர்ச் சீட்டா இல்லை" என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். அரைகுறைப் பெயர் என்று இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஊகித்து எழுதிய முழுப்பெயர்தான் தரவைக் கெடுக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: வாலில் முதுகிலும் வயிற்றிலும் விரல்போன்ற செவுள்கள் வரிசையாக இருந்தால், முதிராவிட்டாலும் அது பிராங்கியூரா சோவர்பியி. ஆனால் பதப்படுத்தும்போது வால் அறுந்திருந்தால் இந்த அடையாளமும் போய்விடும்.

மயிர்ச் சீட்டா இல்லை என்பதை முழுக்க நம்பலாமா? அவை ஒடிந்திருக்கலாம், அடித்தண்டு எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். டியூபிஃபெக்ஸ் டியூபிஃபெக்ஸில் நீரின் உப்புத்தன்மை கூடும்போது அவை குறையவும் செய்யும். அதனால் மாதிரி எடுத்த அன்றே மின்கடத்துதிறனை அளந்து வையுங்கள்.

திறவுகோல் பழையதா? டியூபிஃபிசிடே முன்பு தனிக் குடும்பம். இப்போது நாயிடிடேக்குள் அடக்கம். இரண்டு நூல்கள் இரண்டு குடும்பப் பெயர் தந்தால் முரண் என்று பதறாதீர்கள். ஐரோப்பா, ஆசியா போன்ற வேறு நிலக்கண்டத்துக்கான திறவுகோலைக் கொண்டு இனம் வரை போகாதீர்கள்.

என்கைட்ரேயிடே என்று தெரிந்தால் அங்கேயே நின்று நிபுணரை அழையுங்கள். அந்தக் குடும்பத்தை உயிரோடு பார்த்து அறிவதே முறை. அடுத்த மாதிரியை உயிரோடு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். தட்டைப்புழுவுக்கும் இனம் சொல்லப் புணர்ச்சி உறுப்பின் தொடர் வெட்டுகள் தேவை. அது திசுவியல் ஆய்வகத்தின் பணி.

## குகையில் வெள்ளைப் புழு: குகைக்கே உரியதா?

நிறமின்மையும் கண்ணின்மையும் ஒலிகோகீட்டாவில் எதையும் நிரூபிக்காது. மேற்பரப்பில் வாழும் பெரும்பாலான இனங்களுக்கும் கண் இல்லை, பல வெளிறியவையே. டியூபிஃபெக்ஸ் டியூபிஃபெக்ஸ் போன்ற மேற்பரப்பு இனங்கள் நீரோடு குகைக்குள் வந்து அங்கேயும் பிழைக்கின்றன. டென்ட்ரோசீலம் லாக்டியம் என்ற பால்வெள்ளைத் தட்டைப்புழு மேற்பரப்பில்தான் வாழ்கிறது. அதற்குக் கண் உண்டு என்பதால், வெள்ளைத் தட்டைப்புழு கிடைத்தால் கண்ணைத் தேடுவது பயன் தரும்.

குகைக்குள் நுழையும் ஓடையிலும் வெளியேறும் ஊற்றிலும் அதே முறையில் மாதிரி எடுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே இனம் இருந்தால் கேள்வி முடிந்தது. உள்ளே மட்டும் இருந்தால் பருவம் மாறி மீண்டும் பாருங்கள். அதன் பிறகும் உள்ளே மட்டும் கிடைத்தால், முதிர்ந்த புழுக்களை ஸ்லைடோடும் எத்தனாலில் வைத்த திசுவோடும் வகைப்பாட்டியல் நிபுணருக்கு அனுப்புங்கள். உண்மையான குகைப்புழுக்கள் அரியவை. பால்கனின் மேற்கிலுள்ள தினாரிக் கார்ஸ்ட் என்ற சுண்ணப்பாறைப் பகுதியின் நிலத்தடி நீரில் சுண்ணக் குழாய் கட்டி வாழும் மாரிஃபூஜியா கவாட்டிகா என்ற பாலிகீட் போல, பார்த்ததுமே அடையாளம் காட்டுபவை மிகச் சில. அப்படிப்பட்ட சுண்ணக் குழாய் கிடைத்தால் அமிலத்தன்மை சரிசெய்யாத ஃபார்மலினில் போடாதீர்கள், குழாய் கரையும்.

## மரபணு ஆய்வகம் "வரிசை கிடைக்கவில்லை" என்கிறது

ஃபார்மலினில் வைத்திருந்தால் அதுவே பதில். எத்தனாலில் வைத்திருந்தும் கிடைக்கவில்லை என்றால் அது நீர்த்துப்போனதா என்று பாருங்கள். வேறொரு உயிரின் வரிசை வந்தால், வெட்டிய துண்டின் குடலில் இருந்ததே படிக்கப்பட்டிருக்கலாம்.

ஃபார்மலினா எத்தனாலா என்ற சண்டைக்கு எளிய தீர்வு உண்டு. தளர்த்திய புழுவின் வால்பகுதியில் சில கண்டங்களை வெட்டி 95 சதவீத எத்தனாலில் வையுங்கள்; தலைப்பகுதியை உருவ ஆய்வுக்கு வையுங்கள். இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். பென்சிலால் எழுதிய சீட்டை குப்பிக்கு உள்ளே போடுங்கள். வெளியே பேனாவால் எழுதியதை எத்தனால் துடைத்துவிடும்.

## இருவர் எண்ணினால் இரண்டு விடை

துண்டுகளை எண்ணுவதால் வருவது. தலையை மட்டும் எண்ணுங்கள். நாயிஸ் வகையில் புதுப் புழு பழைய புழுவோடு ஒட்டியே வளர்ந்து சங்கிலியாக இருக்கும். பிரியாத சங்கிலியை நான் ஒன்றாகவே கொள்கிறேன். நீங்கள் வேறு விதமாக எண்ணினால் அதைத் தரவுத்தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். மாதிரியில் ஒரு பகுதியை மட்டும் எண்ணிப் பெருக்கினால், பிரிப்பதற்கு முன் நன்றாகக் கலக்குங்கள். டியூபிஃபெக்ஸ் புழுக்கள் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகத் திரளும்; அந்த உருண்டை முழுவதும் ஒரே பகுதியில் விழுந்தால் பெருக்கல் பொய்யாகிவிடும். அப்படித் திரண்டிருக்கும் மாதிரியைப் பகுதி பிரிக்காமல் முழுவதும் எண்ணுங்கள்.